தானாய் முளைத்த மரங்கள்

மாதேஸ்வரன் குனிந்து பெண்டாட்டியின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார். விடியலில் மகள் போட்ட முடிச்சு எப்படியோ அவிழ்ந்துவிட்டது. வேட்டியில் கிழித்த துணி பனி ஈரத்தில் வழுக்கியது. கடப்பாரையைத் தோளில் சாய்த்தபடி முனியப்பன் வந்து பக்கத்தில் நின்றான்.

“ஏனுங்க மாமா, எடத்தைக் காட்டிப்போட்டீங்கன்னா பசங்க எறங்கிருவாங்க. மேகம் கவுந்துட்டு வருது.”

“இரு.”

“நான் இருப்பேனுங்க. மழை இருக்காதுங்களே.”

முனியப்பன் செத்துக் கிடக்கிற மருதாயியின் கூடப்பிறந்த தம்பி. வாழவந்தியிலிருந்து பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். இந்தப் பக்கத்து மலைக்குடிகளுக்குப் பொதுச் சுடுகாடு என்று ஒன்று கிடையாது. அவரவர் காட்டில் அவரவரைப் புதைப்பதுதான் வழக்கம். பெண்டாட்டி செத்தால் புருஷன் இடத்தைக் காட்டவேண்டும், அவளுடைய தம்பி முதல் கொத்துப் போடவேண்டும். புருஷன் அன்றைக்கு இரும்பைத் தொடக்கூடாது. தொட்டால் அவனே அவளை அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும் என்பார்கள்.

முடிச்சு நின்றது. மாதேஸ்வரன் நிமிர்ந்தார். முனியப்பன் அவர் கையைப் பிடித்துப் பந்தலுக்கு வெளியே கூட்டிப்போனான். கூட்டிப்போகிற விதத்திலேயே அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அக்காளை அந்தக் குச்சி அடிச்ச எடத்துல வெச்சுப்போடலாங்க மாமா.”

மாதேஸ்வரன் கையில் ஒட்டின ஈரத்தை வேட்டியில் துடைத்தார்.

“மனு குடுத்தாச்சு. சேலத்துல கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நாள்பூரா நின்னாச்சு. ஆர்டர் அவங்க பக்கம் வந்துருச்சு. இனி நம்ம கையில என்னுங்க இருக்குது? சமாதியைத் தோண்டி டவர் வெக்க எவனும் துணிய மாட்டான். கம்பி போற கோட்டை வேற பக்கம் நகத்துவான். அக்கா நமக்குக் காவலா இருக்கட்டும்.”

நமக்கு என்றதில் ஞாயம் இல்லாமல் இல்லை. மாதேஸ்வரன் காட்டில் ஒரு டவர் என்றால் மேட்டைத் தாண்டி அடுத்தது முனியப்பன் காட்டில். அடிவாரத்திலிருந்து மலையேறி அந்தப் பக்கம் இறங்குகிற பெரிய கரண்டுக் கம்பி. காட்டுக்கு நட்டநடுவே நாலு குச்சி அடித்து, சிவப்புத் துணி கட்டி, சுண்ணாம்பு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வந்த ஆபீசர் நல்லபடியாகத்தான் பேசினார். “நிலத்தை நாங்க எடுத்துக்கலைங்க பெரியவரே, பட்டா உங்க பேர்லயேதான் இருக்கும். டவர் நிக்கற எடத்துக்கும் கம்பி போற அகலத்துக்கும் இழப்பீடு வந்துரும். மரத்துக்குத் தனி. கம்பிக்கு அடியில மட்டும் உசரமா எதுவும் வளக்கக்கூடாது” என்றார்.

“அதாவது பொண்டாட்டி உன்னோடவதான், ஆனா பக்கத்துல படுக்கப்படாதுங்கறீங்க” என்று மாதேஸ்வரன் கேட்டார். கூடி நின்ற ஊரே சிரித்தது. மருதாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிப்போனாள். அந்த வயதிலும் ஓடினாள்.

இப்போது அவர் பேசாமல் நின்றதற்குக் காரணம், முனியப்பன் சொன்னது புதிது என்பதல்ல. அந்த யோசனை அவருக்குத்தான் முதலில் வந்தது. போன வாரம் கீழே ஆஸ்பத்திரி வராந்தாவில், இனி வீட்டுக்கே கூட்டிப்போய்விடுங்கள் என்று டாக்டர் சொன்ன அந்த நிமிஷமே வந்தது. அழுகைக்கு முன்னால் அது வந்தது. குச்சி அடித்த இடத்தில் இவளை வைத்தால் எவனும் தோண்டமாட்டான் என்று மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. உயிரோடு உட்கார்ந்திருக்கிறவளுக்குக் குழி பார்த்த மனசு. அவர் வெளியே போய் ஒரு பன் வாங்கிவந்து, முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். அவள் பாதியைப் பிய்த்துத் தின்றாள். மீதியை, “நீங்க தின்னுங்க, காலையிலிருந்து வெறும் வயிறு” என்று அவர் மடியில் வைத்தாள். பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வீடு வந்து சேர்கிறவரை அந்தப் பாதி பன் அவர் கையிலேயே இருந்தது.

“என்னுங்க மாமா, பேசாம நிக்கறீங்க?”

“குளிப்பாட்டட்டும். பாக்கலாம்.”

பந்தலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மாதேஸ்வரனின் செத்துப்போன அண்ணனுடைய பெண்டாட்டி அத்தாயி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

“எங்க தம்பி எடம் பாத்திருக்குது? ஆத்தாளும் அப்பனும் இருக்கற மேட்டுலயா?”

“தெரியலீங்க அண்ணி” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“அங்க வேண்டாஞ்சாமி. மாமியாக்காரி பக்கத்துல இவளைப் படுக்க வெச்சா பொழுதன்னைக்கும் சண்டைதான். நடுவுல கெடக்கற எங்கூட்டுக்காரருக்குத் தூக்கம் போயிரும். ஏற்கனவே அந்த மனுசன் உசுரோட இருக்கையில தூங்கினதில்ல.”

அழுதுகொண்டிருந்த ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்த கையோடு இன்னும் பலமாக அழுதார்கள். மருதாயியே அதைப் பலதடவை சொல்லியிருக்கிறாள், உங்கம்மா காலடியில மட்டும் என்னைப் போட்டுறாதீங்க என்று. எங்கே போடவேண்டும் என்று சொன்னதில்லை. இவரும் கேட்டதில்லை.

கொட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டு டீ குடித்தார்கள். பனி இறங்கிக் காப்பிச் செடிகளை மறைத்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து கையில் மாலையோடு ஏசுராஜ் வந்தான். டவர் வேலை எடுத்திருக்கிற காண்ட்ராக்டருக்குச் சூப்பர்வைசர். முப்பது வயசிருக்கும். அவனைக் கண்டதும் முனியப்பன் கடப்பாரையைத் தரையில் ஊன்றினான். ஏசுராஜ் யாரையும் பார்க்காமல் மாலையைப் போட்டான், கும்பிட்டான், ஓரமாக வந்து நின்றான்.

மாதேஸ்வரன் நேராகவே கேட்டார். “எங்க பொதைக்கறோம்னு பாத்துட்டுப் போக வந்தியா?”

“ஆமாங்க. பாத்துட்டு வரச் சொல்லித்தான் அனுப்பிச்சாங்க.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “மாலை நான் வாங்குனதுங்க.”

இப்படி ஒரு பதிலை மாதேஸ்வரன் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அங்க வெச்சா என்ன பண்ணுவீங்க?”

“வேலை நிக்குமுங்க. மேல எழுதுவாங்க. கோட்டை நகத்துவாங்களா, இல்லை இன்னொரு ஆர்டர் வாங்கிட்டு வந்து சமாதியை வேற எடத்துல மாத்தி வெப்பாங்களா, அது எனக்குத் தெரியாதுங்க.”

“மெரட்டறானுங்க மாமா” என்றான் முனியப்பன். “எடுத்து மாத்துவாங்களாம். கையை வெச்சுப் பாக்கச் சொல்லுங்க.”

“மெரட்டலைங்க. கேட்டாரு, சொன்னேன்.” ஏசுராஜ் மாதேஸ்வரன் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தான். “இன்னைக்குப் பேசற பேச்சில்லைங்க. ஆனா மரக்கணக்குல எதாச்சும் சொல்றதுன்னா இன்னும் சொல்லலாங்க. பேப்பர் முடிஞ்சு போகலை.”

மாதேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மரக்கணக்கு என்ற வார்த்தையை அன்றைக்கு யாரும் அவர் காதில் போட்டிருக்க வேண்டாம்.

மரத்தை எண்ணுகிறவன் நல்லதுக்கு எண்ணமாட்டான் என்பது மலையில் பிறந்தவனுக்குப் பால்குடியிலேயே தெரியும். அவருடைய அப்பன் காலத்தில் சில்வர் ஓக்கை எண்ணிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம், சொந்தக் காட்டு மரத்தை வெட்டினதற்கு அப்பன் மேல் கேசு. இன்னொரு தடவை எண்ணினார்கள். பட்டாவுக்கு வெளியே நிற்கிற மரத்தை யார் வைத்தது, எத்தனை வருஷமாய் அனுபவிக்கிறாய் என்று ஆரம்பித்து, இருந்த காட்டில் ஒரு துண்டு புறம்போக்காகப் போயிற்று. ஆகவே மலைக்காரன் கண்டுபிடித்த ஒரே பதில் உண்டு. எவன் வந்து எந்த மரத்தைக் காட்டிக் கேட்டாலும், “தானா மொளைச்சதுங்க” என்று சொல்லிவிட வேண்டியது. தானாக முளைத்ததற்கு வரி கிடையாது, வழக்கு கிடையாது.

டவர் ஆட்கள் எண்ண வந்தபோதும் அதைத்தான் சொன்னார். பலாவைக் காட்டினார்கள், தானா மொளைச்சதுங்க. ஆரஞ்சு, தானா மொளைச்சதுங்க. பட்டர் ஃப்ரூட் வரிசையாக நின்றது. வரிசையாகவா தானா முளைக்கும் என்று எண்ண வந்த ஒருவன் சிரித்தான். குருவி எச்சம் போட்டதுங்க, வரிசையா உக்காந்து போட்டிருக்கும் என்றார். தன் சாமர்த்தியத்தில் அவருக்கே சந்தோஷம்தான். வைத்து வளர்த்த மரத்துக்குத்தான் காய்ப்பு மதிப்பு, தானாக முளைத்ததற்கு வெறும் விறகு மதிப்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது. வெச்சது என்று, அவர் சொல்லப் பயந்த அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், காய்ப்பு மதிப்பு வாங்க வழி இருந்திருக்கிறது. அதுகூடப் பெரிதில்லை. அவருக்குப் பின்னால் மருதாயி நின்றிருந்தாள்.

அந்த மரம் அத்தனையும் அவள் வைத்தது. கல்யாணமாகி வந்த வருஷம் பலாக்கொட்டையை அவள்தான் ஊன்றினாள். மாட்டை விரட்டினாள், காட்டுப்பன்றிக்குப் பரண் மேல் உட்கார்ந்து தகரம் தட்டினாள். கோடையில் கீழே ஊற்றுக்கு இறங்கி இடுப்பில் குடத்தோடு மேடேறினாள். அப்போது மாதேஸ்வரன் எஸ்டேட்டில் காப்பி பறிக்கவும் கவாத்துக்கும் போய்க்கொண்டிருந்தார். ஒரு குடம்கூட அவர் சுமந்ததில்லை. அவர் ஒவ்வொரு மரமாகக் காட்டித் தானா மொளைச்சதுங்க, தானா மொளைச்சதுங்க என்று சொல்லிக்கொண்டு போனதை அவள் பின்னாலேயே நடந்து கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்கள் போன பிறகும் பேசவில்லை. சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவள் சண்டை பிடித்திருந்தால் அவரும் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பார்.

பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக் குளிப்பாட்ட ஆரம்பித்தார்கள். மாதேஸ்வரன் பந்தக்கால் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மகள் வனிதாவின் குரல் கேட்டது.

“பெரியம்மா, இங்க பாருங்க. இடுப்புல தோலு இப்படிக் காச்சுக் கெடக்குது.”

“கொடம் வெச்ச எடம் கண்ணு” என்றாள் அத்தாயி. “எனக்குந்தான் இருந்துச்சு. பைப்பு வந்ததும் போயிருச்சு. உங்கம்மாளுக்குத்தான் போகலை. பைப்புத் தண்ணி ஊட்டுக்கு வந்துச்சு, மரத்துக்கு வரலையே.”

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கோடிச் சேலை கட்டி முடித்து மறைப்பை எடுத்தபோது மாதேஸ்வரன் எழுந்தார்.

“வா” என்றார் முனியப்பனைப் பார்த்து.

கடப்பாரை, மண்வெட்டி, கூடையோடு ஆட்கள் பின்னால் வந்தார்கள். ஊர்க்கவுண்டரும் கூட நடந்தார். ஏசுராஜ் தள்ளி வந்தான். காப்பிச் செடிகளுக்குள் இறங்கி, சிவப்புத் துணி கட்டிய நாலு குச்சிக்கு நடுவே எல்லோரும் நின்றார்கள். முனியப்பன் மேல்சட்டையைக் கழற்றிச் செடிமேல் போட்டான்.

மாதேஸ்வரன் நிற்கவில்லை. அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

“மாமா, எடம் இதுங்க.”

அவர் திரும்பவில்லை. எதிர்ச் சரிவில் ஏறி, காட்டின் கிழக்கு மூலையில், பாறை விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய் நின்றார். மத்தியானச் சோற்றை மருதாயி அங்கே உட்கார்ந்துதான் தின்பாள். நிழல்கூடக் கிடையாது. பனி விலகின நாளில் அங்கிருந்து பார்த்தால் வாழவந்திக்குப் போகிற பஸ் வளைவில் திரும்புவது தெரியும். தெரிந்தால், “எங்கூருக்குப் போவுது” என்று தினமும் புதிதாகப் பார்க்கிறவள் மாதிரிச் சொல்வாள்.

மூச்சு வாங்க ஏறிவந்த முனியப்பன் பாறையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

“இங்கயா?”

“இங்கதான்.”

“கீழ நல்ல மண்ணு இருக்கையில பாறையிலயாங்க? கடப்பாரையே எறங்காதுங்களே.”

“எறங்கற மட்டும் எறங்கட்டும்.”

ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமினார். “மாதேசா, ஊரே ஒரு பேச்சாத்தான் நின்னுச்சு. இன்னைக்கு அதை உடறியே. யோசனை பண்ணித்தான் சொல்றியா?”

“ஆமாங்க.”

“அவ காவல் இருந்தா ஊருக்கே நல்லதுன்னு…”

“அவ இருந்த காவல் போதுங்க.”

கூட்டத்தில் பின்னால் ஒருவன் அடுத்தவனிடம் முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது. முனியப்பன் திரும்பி, தூரத்தில் நின்ற ஏசுராஜைப் பார்த்தான். பிறகு மாமனைப் பார்த்தான்.

“எவ்வளவுக்குங்க மாமா?”

கேட்டது மெதுவாகத்தான். மரியாதை குறையாமல்தான் கேட்டான். மாதேஸ்வரன் வாயைத் திறந்தார். சொல்வதென்றால் ஆஸ்பத்திரி வராந்தாவைச் சொல்லவேண்டும், கையில் இருந்த பாதி பன்னைச் சொல்லவேண்டும், குருவி எச்சத்தைச் சொல்லவேண்டும். கையை நீட்டி முனியப்பனிடமிருந்து கடப்பாரையைப் பிடுங்கினார்.

“மாதேசா, இரும்பைத் தொடாதே” என்றார் ஊர்க்கவுண்டர்.

அவர் ஓங்கிப் போட்டார். மேல்மண் பெயர்ந்தது. மறுபடி போட்டார். கல்லில் பட்டுக் கடப்பாரை துள்ளியது, தோள்வரை அதிர்ந்தது. எழுபதைத் தாண்டிய உடம்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னும் ஒரு தடவை ஓங்கினார். மழை பிடித்துக்கொண்டது. ஒருவரும் கிட்டே வரவில்லை. முனியப்பன் வெறும் உடம்போடு மழையில் நின்று, கிழவன் குத்துவதையும், கடப்பாரை இறங்காமல் வழுக்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வந்து கடப்பாரையின் நடுவில் பிடித்தான்.

“உடுங்க.”

“நீ போ.”

“உடுங்கறேன். எங்கக்காளுக்கு நாந்தான் வெட்டோணும்.”

அவன் வெட்டினான். பையன்கள் கல்லை அள்ளி வெளியே போட்டார்கள். வழக்கமான ஆழம் போகவில்லை. போனவரைக்கும் போதும் என்று ஊர்க்கவுண்டர் சொன்னார். மேலே கல் அடுக்கிக்கொள்ளலாம், பன்றி தோண்டாது என்றார். பாடையைக் கொண்டுவந்து இறக்கும்போது முனியப்பன் தலைமாட்டில் பிடித்தான், மாதேஸ்வரன் கால்மாட்டில் பிடித்தார். கட்டைவிரல் முடிச்சை அவிழ்த்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூன்று பிடி மண் போட்டுவிட்டு முனியப்பன் சட்டையைத் தேடிக்கொண்டு இறங்கிப் போனான்.

மழை விட்டபோது வீட்டில் ஆள் குறைந்துவிட்டது. மாதேஸ்வரன் வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற கல்லில் உட்கார்ந்தார். வனிதா சுடுதண்ணீர் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

“மாமா ஊட்டுக்கு வராமயே போயிட்டாருங்கப்பா. ஊத்துல குளிச்சுட்டு அப்படியே ஊருக்குப் போயிட்டாராம். ஒரு வாய் சோறு திங்கலை.”

“போகட்டும்.”

“ஊருக்குள்ள என்னென்னமோ பேசிக்கறாங்க.”

“பேசட்டும்.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் கையெல்லாம் கொப்புளமாகக் கிடந்தது. தண்ணீரில் கையை வைத்ததும் எரிந்தது. கையை உதறிக்கொண்டே அவர் கேட்டார்.

“அந்த ஏசுராஜ் பையன் நம்பர் உன்கிட்ட இருக்குதா கண்ணு?”

“எதுக்குங்கப்பா?”

“வரச் சொல்லு. மரத்தைக் காட்டோணும்.”

“எந்த மரத்தை?”

“உங்கம்மா வெச்சதை.”

வனிதா போனை எடுக்க உள்ளே போனாள்.

மாதேஸ்வரன் ஒரு சொம்பு மொண்டு தலையில் ஊற்றினார். மண்ணும் நுரையுமாகத் தண்ணீர் கல்லிலிருந்து இறங்கி ஓடியது. குளிக்கிற கல்லுக்குக் கீழே, வேலியோரம், நாலு குச்சி நட்டுச் சாக்குத் துண்டு சுற்றிய ஒரு கன்று இருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை, என்ன கன்று என்று பனியில் தெரியவில்லை. எப்போது வைத்தாள் என்றும் தெரியவில்லை. குளிக்கிற தண்ணீர் அதற்குப் போகும்படி அவள் வாய்க்காலில் ஒரு கல்லை அணை மாதிரி வைத்திருக்கிறாள். சாவு வீட்டுக்கு வந்துபோன யாருடைய காலோ அந்தக் கல்லை இடறிவிட்டிருந்தது. தண்ணீர் கன்றைத் தாண்டிப் பாதையில் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது.

அவர் காலை நீட்டி, கல்லை விரலால் தள்ளித் தள்ளிப் பழைய இடத்தில் நிறுத்தினார். தண்ணீர் ஒரு கணம் தேங்கித் திரும்பியது. கன்றின் வேர்வரை போய், மண்ணுக்குள் இறங்கியது.

அவர் இன்னொரு சொம்பு மொண்டார்.